வாசலில் வேப்பிலை: அது செய்வது என்ன, சொல்வது என்ன?

மாணவர்களே, திருவிழா இல்லாத ஒரு நாளில் பக்கத்து வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? அந்த வீட்டில் யாருக்கோ அம்மை கண்டிருக்கிறது என்று கேட்காமலேயே புரிந்துகொள்வீர்கள்.

அடுத்த சில நாள்களுக்கு அந்த வீட்டின் நடைமுறையே மாறிவிடும். வெளியார் உள்ளே போகமாட்டார்கள். மீனும் இறைச்சியும் சமைக்கமாட்டார்கள். சில வீடுகளில் தாளிப்பதுகூட இல்லை. நோயாளி வேப்பிலை பரப்பிய துணியில் படுத்திருப்பார். கொப்புளங்களை யாரும் கொப்புளம் என்று சொல்வதில்லை, ‘முத்து’ என்பார்கள். எல்லாம் காய்ந்த பிறகு, வேப்பிலையும் மஞ்சளும் கலந்த நீரைத் தலைக்கு ஊற்றுவார்கள்.

இதைப் பற்றி வகுப்பில் பேச்செடுத்தால் பொதுவாக இரண்டு வகையான பதில்கள் வரும். ‘எல்லாம் மூடநம்பிக்கை’ என்பது ஒன்று. ‘நம் முன்னோர் அறிவியலை அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிந்தாலும், இரண்டுக்கும் ஒரே குறை உண்டு. கேள்வியைப் பிரித்துப் பார்க்காமலே இரண்டும் விடை சொல்லிவிடுகின்றன.

பாரம்பரிய மருந்து எதுவாக இருந்தாலும், அதனிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். இது உடலில் என்ன செய்கிறது? இது மனிதர்களிடம் என்ன சொல்கிறது? முதல் கேள்விக்குச் சோதனைதான் பதில் தரும். இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிய, அந்தப் பண்பாட்டுக்குள் வாழ்பவர்களைக் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் கலந்துவிட்டால் சில நேரம் நல்ல பழக்கங்களை இழக்கிறோம், சில நேரம் உயிருக்கே ஆபத்தை வரவழைக்கிறோம். வேப்பிலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதைப் பார்ப்போம்.

வேப்பிலை சொல்லும் செய்தி

அம்மை என்ற சொல்லுக்கே தாய் என்று பொருள். மாரியம்மனே வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்ற நம்பிக்கையில், நோய் கண்டவரை மரியாதையோடு நடத்துவது நம் வழக்கம். உடம்பெல்லாம் கொப்புளமாகக் கிடக்கும் ஒருவரை அருவருப்போடு ஒதுக்கிவிடுவது எளிது. ‘முத்து’ என்ற சொல் அந்த அருவருப்பைத் தடுக்கிறது. நோயாளி தனியாக இருக்கிறார், ஆனால் கைவிடப்படவில்லை. இந்த வழக்கத்தின் அடியில் இருக்கும் மதிப்பு இதுதான்.

இந்த வழக்கம் உருவான காலத்தை நினைத்துப் பாருங்கள். பெரியம்மை உலகெங்கும் பரவியிருந்த காலம் அது. அது கண்டவர்களில் பத்துக்கு மூவர் அளவில் இறந்துபோனார்கள். பிழைத்தவர் பலர் முகத்தில் தழும்போடு வாழ்ந்தார்கள், சிலர் பார்வையை இழந்தார்கள். எட்வர்ட் ஜென்னர் 1796-ஆம் ஆண்டில் தடுப்பூசிக்கு வழிகாட்டும் வரை, நோயாளியைத் தனிப்படுத்துவதும் பொறுமையாகப் பராமரிப்பதும் தவிரப் பெரும்பாலான குடும்பங்களால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980-ஆம் ஆண்டு மே மாதம் உலகச் சுகாதார மாமன்றம் அறிவித்தது. நோய் போய்விட்டது, அதைச் சுற்றி வளர்ந்த வழக்கம் மட்டும் சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் தொடர்ந்து வருகிறது.

இப்போது சின்னம்மையைப் பற்றி அறிவியல் சொல்வதைப் பார்ப்போம். வாரிசெல்லா சோஸ்டர் என்ற வைரஸ் இதை உண்டாக்குகிறது. இருமல், தும்மல் வழியாகவும், கொப்புள நீரைத் தொடுவதாலும், காற்று வழியாகவும் இது பரவும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்று தொடங்கிவிடும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை அது நீடிக்கும்.

இந்த விவரங்களை வழக்கத்தோடு பொருத்திப் பாருங்கள். வெளியார் வரக்கூடாது என்பது தொற்றின் சங்கிலியை அறுக்கிறது. முத்துகள் காயும் வரை காத்திருப்பது, மருத்துவர் தரும் விடுப்புக் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. நகத்தால் சொறியாமல் வேப்பிலைக் கொத்தால் மெதுவாக வருடினால் புண்ணும் தழும்பும் குறையும். நகம் கீறிய இடத்தில்தான் பாக்டீரியா எளிதாக நுழைகிறது. காய்ச்சலில் நீர் வற்றும் உடலுக்குக் கஞ்சியும் இளநீரும் மோரும் ஏற்றவை. வாசல் வேப்பிலை இந்த விதிகள் அனைத்துக்கும் ஓர் அறிவிப்புப் பலகை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் படித்துவிடுவார். தோட்டப்புற லயங்களில் சுவரோடு சுவராக ஒட்டி வாழ்ந்த குடும்பங்களுக்கு அப்படி ஓர் அறிவிப்பு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்!

ஆகவே, ‘வேப்பிலை பரவலைத் தடுக்கிறது’ என்று பாட்டி சொன்னால் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தடுப்பது எது? இலையில் உள்ள வேதிப்பொருளா, அந்த இலையைப் பார்த்து விலகி நடக்கும் மனிதர்களா?

இலைக்குள் இருப்பது

வேம்பில் பல வேதிப்பொருள்கள் உண்டு. அவற்றில் பெயர் பெற்றது அசாடிராக்டின். 1968-ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்ட இந்தப் பொருள், பூச்சிகள் உண்பதையும் அவற்றின் வளர்ச்சியையும் தடுக்கிறது. வேம்பிலிருந்து இயற்கைப் பூச்சிக்கொல்லிகள் தயாரிக்கப்படுவது இதனால்தான். வேப்பிலைச் சாறு சில பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் கட்டுப்படுத்துவதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன.

இங்கேதான் கவனம் தேவை. ஆய்வுக்கூடத் தட்டில் ஒரு கிருமியைத் தடுக்கும் பொருள், மனித உடலுக்குள் போய் நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தட்டில் சோப்புநீரும் கிருமியைக் கொல்லும், அதற்காக அதைக் குடிக்கலாமா? ஒரு பொருளை உண்டால் அது இரத்தத்தில் சேர வேண்டும், உரிய இடத்துக்குப் போக வேண்டும், போதுமான அளவில் இருக்க வேண்டும், உடலுக்குக் கேடு செய்யாமலும் இருக்க வேண்டும். வாசலில் தொங்கும் இலையோ உடலுக்குள் போவதே இல்லை. காற்றில் வரும் வைரஸை அது வடிகட்டவும் முடியாது.

‘ஆனால் வேப்பிலை போட்டதும் ஒரு வாரத்தில் அம்மை இறங்கிவிட்டதே’ என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்ப்பள்ளியில் படித்த மாறிகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நல்ல உடல்நலமுள்ள சிறுவர்களுக்குச் சின்னம்மை பெரும்பாலும் ஒரு வாரம் முதல் பத்து நாளில் தானாகவே அடங்கிவிடும். வேப்பிலை பயன்படுத்தியவர், பயன்படுத்தாதவர் என இரு குழுக்களை வைத்து, வயது, பராமரிப்பு போன்ற மற்ற மாறிகளைக் கட்டுப்படுத்தி ஒப்பிட்டால்தான் குணமானதற்கு இலை காரணமா என்று சொல்ல முடியும். ஒன்றுக்குப் பின் மற்றொன்று நடந்தது என்பது, ஒன்றால் மற்றொன்று நடந்தது என்பதற்குச் சான்றாகாது.

அதே மரம், வேறு விளைவு

‘இயற்கையானது, ஆகவே பாதுகாப்பானது’ என்ற வாக்கியத்தை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். இதைச் சோதித்துப் பார்க்க வேம்பே போதும்.

1981-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் மலேசிய மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட 13 கைக்குழந்தைகளைப் பற்றியது அது. இந்த எண்ணெய் இலையிலிருந்து வருவதில்லை, வேப்பங்கொட்டையிலிருந்து பிழியப்படுகிறது. இந்தியா, இலங்கை, மலேசியா உட்பட பல நாடுகளில் இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் அதைக் கைமருந்தாக வைத்திருந்தன. அதைக் குடித்த குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், மூச்சிரைப்பு, வலிப்பு ஆகியவை ஏற்பட்டன. கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரை நோய்க்குறியை ஒத்த நிலை அது.

அந்தத் தாய்மார்களும் பாட்டிமார்களும் அன்பால்தான் கொடுத்தார்கள். குழந்தை நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு எண்ணம் இல்லை. ஆனால் ஒரு கைக்குழந்தையின் கல்லீரலுக்கு, அந்த எண்ணெய் எந்த எண்ணத்தோடு கொடுக்கப்பட்டது என்பது தெரியாது. அதற்குத் தெரிவது எந்தப் பொருள், எவ்வளவு அளவு என்பது மட்டுமே. மரம் ஒன்றுதான் என்றாலும் இலை வேறு, கொட்டை வேறு. தோலில் தடவுவது வேறு, விழுங்குவது வேறு. பெரியவர் வேறு, மூன்று மாதக் குழந்தை வேறு.

நவீன மருந்துக்கும் இதே விதிதான். ஆஸ்பிரின் உலகமெங்கும் பயன்படும் மாத்திரை. ஆனால் சின்னம்மையோ சளிக்காய்ச்சலோ கண்ட சிறுவர்களுக்கு அதைக் கொடுத்தால் அதே ரை நோய்க்குறி வரும் அபாயம் உண்டு. அதனால் அவர்களுக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். எனவே ‘பழையது கெட்டது, புதியது நல்லது’ என்றும் சொல்ல முடியாது. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதே கேள்வி.

நம்பிக்கையும் உடலும்

அப்படியானால் ‘சொல்வது’ வெறும் மனத்துக்கு மட்டுமா? அதுவும் இல்லை. 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. மருந்தே இல்லாத போலி ஊசி போட்ட பிறகும் சிலருக்கு வலி குறைந்தது. பிறகு அவர்களுக்கு நலோக்சோன் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. இது மூளை தானே சுரக்கும் வலிநீக்கிப் பொருள்களின் வேலையைத் தடுக்கும் மருந்து. அதைக் கொடுத்ததும் அவர்களின் வலி கூடியது. வலி குறையும் என்ற எதிர்பார்ப்பே மூளையில் வேதிமாற்றத்தை உண்டாக்கியிருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்றாக அமைந்தது.

பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் வருடும்போது அரிப்பும் பயமும் குறைவதை நீங்கள் அனுபவித்திருந்தால், அது பொய் இல்லை. பரிவு, பழகிய மணம், ‘சரியாகிவிடும்’ என்ற சொல் எல்லாம் வலியையும் பதற்றத்தையும் தணிக்கக்கூடியவை. ஆனால் எதிர்பார்ப்பு வைரஸைக் கொல்வதில்லை. அதன் எல்லையை அறிந்திருப்பதும் அறிவியல்தான்.

நம் நாட்டில் இது தமிழருக்கு மட்டும் உரிய அனுபவமும் அல்ல. உங்கள் மலாய்த் தோழியின் வீட்டில் பிரசவித்த அக்காளுக்குச் சூடான ஒத்தடமும் ஜாமுவும் இருக்கும். சீன நண்பன் வீட்டில் இஞ்சியும் எள்ளெண்ணெயும் சேர்த்த உணவு இருக்கும். நம் வீட்டில் பூண்டுக் குழம்பும் பத்தியமும் இருக்கும். ‘சூடு, குளிர்ச்சி’ என்று உணவைப் பிரிப்பது மூன்று வீடுகளிலும் உண்டு. இந்தச் சூட்டை வெப்பமானியால் அளக்க முடியாது. உணவு உடலில் உண்டாக்கும் உணர்வை வகைப்படுத்தும் ஒரு பண்பாட்டு மொழி அது. மூன்று வழக்கங்களுக்கும் பொதுவான செய்தியும் ஒன்றுதான்: பிள்ளை பெற்றவள் ஓய்வெடுக்க வேண்டும், மற்றவர்கள் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டே, பத்தியம் என்ற பெயரில் தாய்க்குத் தேவையான சத்து குறைந்துவிடுகிறதா என்றும் கேட்கலாம்.

பழைய நூலிலிருந்து புதிய மருந்து

பாரம்பரியத்தை மதிப்பதும் அதைச் சோதிப்பதும் ஒன்றாகப் போக முடியும் என்பதற்குச் சீன அறிவியலாளர் தூ யூயூ நல்ல எடுத்துக்காட்டு. மலேரியாவுக்கு மருந்து தேடிய அவர் பழைய சீன மருத்துவ நூல்களைப் புரட்டினார். ஒரு மூலிகைச் சாறு சில நேரம் வேலை செய்தது, சில நேரம் செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கெ ஹோங் எழுதிய குறிப்பில் அந்த மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. வெப்பம்தான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்த அவர், குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாற்றைப் பிரித்தார். 1971-ஆம் ஆண்டில் அந்தச் சாறு விலங்குகளில் நல்ல பலன் தந்தது. அதிலிருந்து கிடைத்த ஆர்டிமிசினின் இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. 2015-ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசு பெற்றார்.

பழைய நூல் அவருக்கு வழியைக் காட்டியது. எந்தப் பொருள், எவ்வளவு அளவு, யாருக்கு ஆபத்து என்பதைச் சோதனை காட்டியது. ஒன்றில்லாமல் மற்றொன்று போதுமானதாக இருந்திருக்காது.

நம் நாட்டுச் சட்டம்

மலேசியாவில் பாரம்பரிய மருத்துவம் சட்டத்துக்கு வெளியே இல்லை. 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம், அதாவது சட்டம் 775, மலாய், சீன, இந்திய மருத்துவமுறைகள் உள்ளிட்ட துறைகளின் மருத்துவர்களைப் பதிவு செய்ய வழிவகுக்கிறது. பினாங்கின் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் 2007-ஆம் ஆண்டிலேயே அரசு மருத்துவமனைகளுக்கான முதல் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது.

கடையில் விற்கும் பாரம்பரிய மருந்துகளும் பதிவு பெற வேண்டும். பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்ற எழுத்துகளில் தொடங்கி, எட்டு இலக்கங்களைத் தாண்டி, ‘டி’ என்ற எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஈயம், பாதரசம் போன்ற கன உலோகங்களும் கிருமிகளும் அளவுக்கு மேல் இல்லை என்ற சோதனையைக் கடந்து வந்ததற்கான அடையாளம் அது. நோயைக் குணப்படுத்தும் என்பதற்கான உத்தரவாதம் அல்ல. புற்றுநோய், நீரிழிவு, ஆஸ்துமா போன்ற 20 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரம், விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. பாசார் மாலாமிலோ கைப்பேசிக் காணொளியிலோ யாராவது ‘ஒரே புட்டியில் பத்து நோய் தீரும்’ என்று கூவினால், உங்களுக்கு வர வேண்டியது சந்தேகம்.

மௌனம்தான் பெரிய ஆபத்து

பாரம்பரிய மருந்தால் வரும் சிக்கல்களில் பல, மருந்தைவிட மௌனத்தால் வருகின்றன. கிளினிக்கில் மருத்துவர் ‘வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்கும்போது, திட்டுவாரோ, சிரிப்பாரோ என்று பயந்து பலர் ‘இல்லை’ என்கிறார்கள். நீரிழிவு மாத்திரை சாப்பிடும் தாத்தா காலையில் பாகற்காய்ச் சாறும் குடித்தால், இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்க வாய்ப்புண்டு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் டான்ஷென் என்ற சீன மூலிகையையும் சேர்த்தால், இரத்தக் கசிவு ஏற்படலாம். மருத்துவருக்குத் தெரிந்தால்தான் அளவை மாற்றவோ எச்சரிக்கவோ முடியும்.

அம்மையிலும் அப்படித்தான். ‘அம்மன் வந்திருக்கும்போது மருந்து கூடாது’ என்று சில வீடுகளில் சொல்வார்கள். மருத்துவரிடம் போக வேண்டியவர் வீட்டிலேயே இருந்துவிடுவது அதனால்தான். கர்ப்பிணிகள், பிறந்த குழந்தைகள், பெரியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்குச் சின்னம்மை கடுமையாகலாம். அவர்களுக்குத் தரப்படும் அசைக்ளோவிர் என்ற மருந்து, கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்கு பலனளிக்கும். மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்குதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இங்கே உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் பாட்டியின் மொழியும் கிளினிக்கின் மொழியும் தெரிந்தவர் பல நேரம் நீங்கள்தான். ‘இதெல்லாம் மூடநம்பிக்கை, பாட்டி’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ‘வேப்பிலை கட்டியது நல்லதுதான் பாட்டி, யாரும் வரமாட்டார்கள். தம்பிக்கு மூச்சு வாங்குகிறது, டாக்டரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுவோமே’ என்று சொல்லிப் பாருங்கள். மருத்துவரிடம் போனால், வீட்டில் கொடுத்த கஷாயம், எண்ணெய், பொடி எல்லாவற்றின் பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பாட்டிலோ பொட்டலமோ இருந்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள்.

இந்த வாரம் ஒரு சிறு பயிற்சி செய்யுங்கள். உங்கள் வீட்டில் வழங்கும் ஒரு கைமருந்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் ‘இது உடலில் என்ன செய்கிறது?’ என்றும், வலப்பக்கம் ‘இது நம்மிடம் என்ன சொல்கிறது?’ என்றும் தலைப்பிடுங்கள். வலப்பக்கத்தை நிரப்ப வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். இடப்பக்கத்தை நிரப்ப நூலகத்துக்குப் போங்கள், உங்கள் அறிவியல் ஆசிரியரிடமும் மருந்தாளரிடமும் கேளுங்கள். இடப்பக்கம் சில இடங்களில் காலியாகவே இருக்கும். அந்தக் காலி இடத்தை ஊகத்தால் நிரப்பாதீர்கள்; நாளை உங்களில் ஒருவர் செய்யப்போகும் ஆய்வுக்கு அது இருக்கட்டும்.